வெட்டச் சொன்ன காட்சிகள்

சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதுதான் என் தொழில். திருட்டுத் தொழில் இல்லை, டிவி நிகழ்ச்சி. எங்கள் லோக்கல் சேனலில் ஞாயிறுதோறும் மதியம் வரும் ‘சொல்லாம வந்தோம்’ நிகழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. சோறு வடிக்கும் நேரத்தில் விருந்தாளி வந்து நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் போதும், நீங்களும் என் கட்சி.

வீட்டில் யாராவது ஒருவர் ரகசியமாக வாட்ஸப்பில் எங்களைக் கூப்பிடுவார். மற்றவர்களுக்குத் தெரியாது. நாமக்கல்லிலிருந்து வேனை நான் ஓட்டிக்கொண்டு போவேன். தொகுப்பாளினி மேனகா மைக்கோடு முதலில் நுழைவாள், பின்னால் கேமராவோடு முருகேசன். மேனகா வீட்டாரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியைத் திறப்பாள். உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டும். அந்த மூடி திறக்கும் காட்சிக்காகத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். கூச்சப்பட்டு வாசலை மறிக்கும் வீட்டம்மாக்களிடம், “உள்ள விடுங்க, டிவிக்காரங்க எல்லாம் உங்க ஊட்டு ஆளுகதான்” என்று தைரியம் சொல்வது என் வேலை.

இன்னொரு வேலையும் உண்டு. கிளம்பும்போது வீட்டாரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவேன். அதில் கடைசி வரி, ‘வெட்ட வேண்டியவை’. ஒளிபரப்பில் எது வரக்கூடாது என்று அவர்கள் சொல்வதை அதில் எழுதிக்கொண்டு, ஆபீஸ் வந்து நானே எடிட்டிங்கில் வெட்டுவேன். ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள அந்தக் கடைசி வரி போதும்.

மோட்டார் ரூம் வாசனை

புரட்டாசி மாதத்தில் நிகழ்ச்சி எடுப்பது பெரிய சோதனை. எந்தச் சட்டியைத் திறந்தாலும் சாம்பார்தான். அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, திருச்செங்கோடு பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். பெரியவர் ஊர் பஜனைக் கோஷ்டிக்குத் தலைவர். நெற்றி நிறைய நாமம், வாய் நிறைய கோவிந்தா. அவர் மனைவி விரதச் சமையல் செய்து வாழையிலையை விரித்துவிட்டார். மேனகா மூடியைத் திறந்தாள். பருப்பு. இன்னொன்றைத் திறந்தாள். பூசணிக்காய்ப் பொரியல். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சும்மா தோட்டத்தைக் காட்டலாம் என்று வெளியே வந்தோம். கிணற்று மேட்டில் மோட்டார் ரூம். கிட்டே போகப் போக மேனகா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். பெரியவர், “அங்க ஒன்னுமில்லீங்க, கரண்டு அடிக்கும்” என்று முன்னால் ஓடி வந்து மறித்தார். மறித்தால் மேனகா விடுவாளா? கதவைத் தள்ளினாள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன்மேல் ஒரு சட்டி, அதற்குள் மிளகாய் மிதக்கும் நாட்டுக்கோழி வறுவல். தொட்டுக்கொள்ள நாலு வெங்காயம்கூட உரித்துத் தயாராக வைத்திருந்தார் மனிதர்.

படிவத்தை நீட்டியதும் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, ‘மோட்டார் ரூம் முழுசும்’ என்றார். எழுதிக்கொண்டேன். அவர் மனைவி எதையும் வெட்டச் சொல்லவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “கல்யாணம் ஆனதுலருந்து எங்கூட உக்காந்து வெரதம் இருக்கறாருங்க இந்த மனுசன். நானு எளச்சுப் போனேன், இவரு மட்டும் எப்படீடா ஊதுறாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்க.”

சிங்கப்பூர்க்காரர்

மல்லசமுத்திரத்தில் ஒரு மாடி வீடு. அப்பா ரிட்டயர்டு வாத்தியார். மகன் சிங்கப்பூரில் பெரிய கம்பெனியில் இருப்பதாக வரவேற்பறைச் சுவரே சொன்னது. அவன் கோட்டுப் போட்ட படம், அவன் அனுப்பிய கடிகாரம், அந்த ஊர் நேரத்துக்கு ஓடும் இன்னொரு கடிகாரம். வாத்தியார் மைக்கைப் பிடித்து மகனின் பெருமையை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். மேனகா வழக்கம்போல, “மகன் இப்ப என்ன சாப்பிட்டுட்டு இருப்பாருங்க?” என்று கேட்டாள்.

அதே நேரத்தில் மாடிப்படியில், இடுப்பில் துண்டும் வாயில் டூத்பிரஷுமாகப் படத்தில் இருந்த அதே ஆள் இறங்கி வந்தார். லைட்டைப் பார்த்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டார். கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் வேலை போய், ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறதாம். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மாடியிலேயே இருந்திருக்கிறார். எங்களைக் கூப்பிட்டது யார் என்றால் அவருடைய அம்மா. இந்த ஒளிவு மறைவு எப்படியாவது முடியட்டும் என்று பார்த்திருக்கிறார் அந்த அம்மா. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வாத்தியார் படிவத்தை வாங்கி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகனை வெட்டவும் மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வெட்ட வேண்டாம் சார். கீழ எழுத்து ஓட்டுவீங்கல்ல, அதுல மட்டும் பக்கத்து ஊட்டுப் பையன்னு போட்டுருங்க.”

கோயில் எங்கீங்க?

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்கு வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். இரண்டாவது, “உங்களுக்குக் கோயில் எங்கீங்க?” என்று கேட்பார்கள். ஏதோ பக்தி விசாரணை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று தெரிந்தால் ஆள் யார், எந்தச் சாதி, அதற்குள் எந்தக் கூட்டம் என்று எல்லாம் தெரிந்துவிடும். நேரடியாகச் சாதியைக் கேட்பது அநாகரிகம் பாருங்கள். நான் எங்கள் கோயிலைச் சொல்வேன். “அட, நம்ம பங்காளி!” என்று தோளில் கை விழும். எனக்கு அது ஒரு நாளும் உறுத்தியதில்லை.

முருகேசனுக்கு வீடு ராசிபுரம் பக்கம் ஒரு காலனியில். சேனலில் எல்லாருக்கும் அது தெரியும், யாரும் பேசமாட்டோம். பேசாமல் இருப்பதே பெருந்தன்மை என்று நினைப்பு. வீட்டார் எங்களுக்குச் சோறு போடும் நேரத்தில் அவன், “தோட்டத்த ரெண்டு ஷாட் எடுத்துட்டு வந்துர்றேங்ணா” என்று நழுவி, வேனில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிடுவான். தொழிலில் எவ்வளவு பக்தி என்று நான் மேனகாவிடம் மெச்சிக்கொண்டதும் உண்டு. நான்கு வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையோரம் ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர். என் கோயிலைக் கேட்டார், சொன்னேன். மேனகாவின் கோயிலைக் கேட்டார், சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் இருப்பவனையும் விடவில்லை. “ஏனுங் தம்பி, உங்களுக்குக் கோயில்?” என்றார். முருகேசன் ஃபோகஸைத் திருகிக்கொண்டிருந்தான். அவர் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது, வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “கேமரா ஓடறப்ப நாங்க பேசக்கூடாதுங்க.”

தொண்டைக் கட்டு

குமாரபாளையம் போகும் வழியில் ஒரு ரிக் வண்டிக்காரர் வீடு. போர் போடும் வண்டியோடு மகன் சத்தீஸ்கர் பக்கம் வருஷக்கணக்கில் இருந்தவன். இங்கே பெண் தேடித் தேடி அலுத்துப்போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்துவிட்டான். எங்களுக்கு இது தெரியாது. மாமியார்க்காரி எங்களைப் பார்த்த மாத்திரத்தில், “மருமகளுங்க. பாலக்காட்டுப் பக்கம், நம்ம ஆளுகதான். பாவம், தொண்டை கட்டிக்கிச்சு, பேச்சு வராது” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்தால் அங்கே விஷயம் இருக்கிறது என்பது எங்கள் தொழில் பாடம்.

மருமகள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். மேனகா எதைக் கேட்டாலும் மாமியார் பதில் சொன்னார். மருமகளுக்குப் பிடித்த பலகாரம், பிடித்த கலர், பிடித்த சீரியல், எல்லாம் மாமியாருக்கு அத்துபடி. பிறகு மேனகா மூடியைத் திறந்தாள். அரிசிம்பருப்பு சாதம், பக்கத்தில் மல்லி, மிளகு, சீரகமெல்லாம் அரைத்து வைத்த செலவு ரசம். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ரசத்தை நான் என் வீட்டிலும் குடித்ததில்லை. மேனகா இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள். மாமியார் அப்போது அடுப்பை அணைக்கத் திரும்பியிருந்தார்.

“இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க அக்கா, ரசத்துக்குப் பூண்டு பத்துலீங்களாட்ட இருக்குது, வெச்சது நாந்தானுங்க” என்று ஒரு குரல் கேட்டது. அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. பேசியது மருமகள். வந்து ஒன்றரை வருஷத்தில், பக்கத்துத் தறிக்கூடத்துப் பெண்களிடம் கற்றுக்கொண்டாளாம். வீட்டுக்குள் பேசினால் வடக்கத்திப் பெண் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று மாமியார்தான் வாயைத் திறக்க விட்டதில்லை. நான் படிவத்தை நீட்டினேன். மாமியார் அதை வாங்கவே இல்லை. மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: “ஏங்கண்ணு, இவ்வளவு நல்லாப் பேசறவ, எங்கிட்டப் பேசறக்கென்ன?”

எங்கள் வீடு

இப்போது நிகழ்ச்சியை நடத்துவது ஆத்தூரிலிருந்து வந்த ஒரு பெண். முருகேசன் நடத்தியிருக்க வேண்டியது. அது எப்படி இல்லாமல் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

மேனகாவின் கணவருக்கு ஓசூருக்கு மாற்றலாகி அவளும் கிளம்பிவிட்டாள். முருகேசனுக்கு அந்த இடத்தின் மேல் நெடுநாள் ஆசை. வேனில் திரும்பி வரும்போதெல்லாம் அன்றைய வீட்டாரைப் போலவே பேசிக் காட்டுவான். சிரித்துச் சிரித்து நான் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். முதலாளியிடம் அவனுக்காக நான்தான் பேசினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. முதலாளி யோசித்துவிட்டு, “ஒரே ஒரு எபிசோட் எடுத்துட்டு வரட்டும். மூடி தெறக்கற காட்சி சிரிப்பா வந்துதுன்னா நிகழ்ச்சி அவனுக்கு. இல்லீன்னா கேமராவே புடிக்கட்டும்” என்றார். முருகேசன் சேலம் போய் இரண்டு புதுச் சட்டை எடுத்துவந்தான். அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் கூடப் போனால் நான் சொல்லிக்கொடுத்தது என்று ஆகிவிடும் என்பதால் அன்று எனக்கு லீவு. கேமராவுக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் மணி.

ஞாயிற்றுக்கிழமை காலை, பனமரத்துப்பட்டியில் என் வீட்டில், லுங்கியோடு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “சொல்லாம வந்தோம்!” என்று வாசலில் குரல். புதுச் சட்டையில் மைக்கோடு முருகேசன். பின்னால் மணி. என் மகள் யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூப்பிட்டது அவள்தான். என் மனைவி சாந்தி, “அட, வாங்க வாங்க” என்று புடவை மாற்ற ஓடினாள். நான்கு வருஷம் ஒரே வேனில் சுற்றியிருக்கிறோம். அவன் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

அரை மணி நேரம் அவன் பிரமாதப்படுத்தினான். என் லுங்கியை விடவில்லை, வெங்காயத்தை விடவில்லை. நான் தூக்கத்தில், “அங்க வெட்டு, இங்க வெட்டு” என்று உளறுவதைச் சாந்தியே சொல்லும்படி செய்தான். மணிக்குச் சிரிப்பில் கேமரா ஆடியது. நிகழ்ச்சி இவனுக்குத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிறகு அவன் எழுந்தான். “செரிங்க, பேசினது போதும். மூடியத் தெறந்துரலாமுங்களா?” என்றபடி சமையலறைப் பக்கம் நடந்தான்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. சமையலறை வாசலில் நிற்கிறேன். ஒரு கை நிலைப்படியில் இருக்கிறது. “நீங்க உக்காருங்க முருகேசு. உள்ள சாமி அலமாரி இருக்குது. சாந்தி எடுத்துட்டு வந்துருவா” என்கிறேன். மேனகா எத்தனையோ தடவை வந்து அந்த அலமாரியிலிருந்தே திருநீறு எடுத்துப் பூசியிருக்கிறாள். நான்கு வருஷம் ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டவனை அன்றைக்குத்தான் ‘நீங்க’ என்றேன்.

சாந்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். யாழினிதான், “என்னப்பா இது? எல்லாரு ஊட்டுலயும் உள்ள விடுங்கன்னு சொல்றதே நீங்கதான?” என்றாள். நான் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதற்குள் முருகேசன் கேமராவைப் பார்த்துத் திரும்பி, “நேயர்களே, இந்த ஊட்டுல நமக்கு மாப்பிள்ளை உபசாரமுங்க. உக்கார வெச்சுத்தான் போடுவாங்களாமா” என்று சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டான். சாந்தி கொண்டுவந்து வைத்த சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான். அவர்கள் போனபிறகு யாழினி தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, யாரும் பார்த்துவிடக்கூடாதே என்ற பயம் அதிகமாக இருந்தது.

மறுநாள் எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். மணி நன்றாகவே எடுத்திருந்தான். என் கை, நிலைப்படி, முருகேசன் முகம், எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தக் காட்சியை வெட்டாமல் விட்டிருந்தால் அவன் அந்த இடத்தை எப்படிச் சமாளித்தான் என்று முதலாளி பார்த்திருப்பார், நிகழ்ச்சி அவனுக்கே கிடைத்திருக்கும். வெட்டினேன். படிவத்தின் கடைசி வரியில், ‘ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

முதலாளி முழுசாகப் பார்த்தார். சிரித்தார். முடிந்ததும், “எல்லாம் செரி, மூடி எங்கய்யா?” என்றார். “உள்ள லைட்டு பத்துலீங்க” என்று நான் சொன்னேன். யோசிக்காமல் வந்த பொய். முதலாளி முருகேசன் பக்கம் திரும்பி, “ஏப்பா, நீயே கேமராக்காரன். லைட்டு பத்தலீன்னா போட்டுக்கறதுதான?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நிகழ்ச்சி அவனுக்கு. அறையில் நாங்கள் மூவர்தான். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் முதலாளியிடம் சொன்னான்: “அண்ணன் போட்டுக்கச் சொன்னாருங்க. நான்தான் வேண்டாமுன்னுட்டேன்.”

எங்கள் நிகழ்ச்சியில் வந்த குடும்பங்கள் அத்தனையும் நல்ல குடும்பங்கள்தான், என் குடும்பம் உட்பட. வெட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.